அழுகைப் பாட்டில் அடங்கும் கீபோர்டு

"அவனைக் கையும் களவுமா பிடிச்சுக் குடுங்க, அது போதும்," என்றாள் காவ் ஷியூலான். "மத்ததை நான் பாத்துக்கறேன்."

வெண்நாரை நாடகக் குழுவின் முதலாளியம்மா அவள். மேடைக்குப் பின்புறம், வேஷப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் விசிறி. விசிறுவதற்கு அல்ல, பேசும்போது காற்றில் குத்துவதற்கு. எதிரே இன்னொரு ஸ்டூலில் துப்பறியும் ஷென் யாஹுய். அவளுடைய உதவியாளன் ஆகெங்குக்கு ஸ்டூல் கிடைக்கவில்லை. அட்டையில் செய்த அரக்கன் தலை ஒன்றை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தான்.

"யாரைப் பிடிக்கணும்?" என்றாள் ஷென்.

"ஃபாங்கை. எங்க கீபோர்டுக்காரனை. எதிர் மேடைக்காரன் அவனை வாங்கிட்டான்."

எதிர் மேடை என்றால் நிஜமாகவே எதிர் மேடைதான். ஓங்யா சாமியின் பிறந்த நாளுக்கு இந்த வருஷம் கோயில் கமிட்டி இரண்டு குழுக்களை வரவழைத்து, முற்றத்தின் இரு ஓரங்களிலும் முகத்துக்கு முகம் மேடை போட்டுக் கொடுத்திருந்தது. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். நடுவில் நிற்கும் ஜனம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அந்தக் குழுவுக்கு ஜெயம். முதுகு காட்டப்பட்ட குழு அடுத்த வருஷம் வேறு கோயில் தேட வேண்டியதுதான்.

"இங்க வந்ததுலேர்ந்து இதே கதை," என்றாள் முதலாளியம்மா. "எங்க முதல் வேஷக்காரி யூஷுவே அழுகைப் பாட்டுக்கு வருவா. ஜனம் மூக்கை உறிஞ்ச ஆரம்பிக்கும். சரியா அந்த நேரம் பாத்து கீபோர்டு சத்தம் கிணத்துக்குள்ள போயிடும். அவ தனியா கத்திட்டு நிக்கணும். ஜனம் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிடும்."

"மத்த பாட்டுல?"

"மத்த பாட்டுல எல்லாம் முற்றமே அதிரும்."

"ஒயர் பாத்தீங்களா?"

"மாத்தியாச்சு. ஸ்பீக்கர் மாத்தியாச்சு. கால் பெடலைக் கழட்டியே போட்டாச்சு. தைனான்லேர்ந்து ரிப்பேர்காரரைக் கூட்டிட்டு வந்து மொத்தமா பிரிச்சுப் பாத்தாச்சு. மெஷின் மேல ஒரு குத்தமும் இல்லன்னுட்டுப் போறார். மெஷின் குத்தம் இல்லன்னா அப்புறம் மனுஷன் குத்தம்தானே?"

"சாமி குத்தம்னு ஒண்ணு பாக்கி இருக்கே," என்றான் ஆகெங்.

விசிறி அவன் பக்கம் திரும்பியது. அவன் அரக்கன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"சாயங்கால ஆட்டத்துக்கு வேற ஆளை வரச் சொல்லிட்டேன்," என்று முதலாளியம்மா ஷென்னிடம் தொடர்ந்தாள். "ஃபாங் வெளிய போறான். வெளிய போறது மட்டுமில்ல, நாடகக்காரங்க சங்கத்துல சொல்லிடுவேன். அப்புறம் தெக்குப் பக்கம் ஒரு மேடையிலயும் அவன் கை வைக்க முடியாது. ஆனா ஆதாரத்தோட செய்யணும். இருவது வருஷத்துக்கு மேல என் சோத்தைத் தின்னவன். நாளைக்கு யாரும் என்னை அநியாயக்காரின்னு சொல்லிடக்கூடாது பாருங்க."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்காம? காலையில மேடை மேலயே நிக்க வெச்சுக் கேட்டேன். 'எவ்வளவுக்குடா போன?'ன்னு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. குத்தம் செஞ்சவன் என்ன சொல்லுவான்?"

ஷென் தன் தேநீர்க் குடுவையை மூடினாள். பத்து வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் தொலைந்த படகுகளையும் துருவிப் பார்த்தவள் அவள். யார் மேல் பழி சொன்னாலும் முதலில் பழி சொன்னவர் முகத்தைத்தான் பார்ப்பாள். ஆகெங்குக்கு அது தெரியும். இப்போதும் அவள் முதலாளியம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையின் இடது ஓரத்தில் வாத்தியக்காரர்களின் இடம். முரசு, நாயனம், இரட்டை நரம்பு வயலின், அதற்கும் கடைசியில் கீபோர்டு. ஃபாங் அதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஐம்பதை நெருங்கும் ஒல்லி மனிதன். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"நான் செய்யல," என்றான், கேட்பதற்கு முன்பே.

"செஞ்சீங்கன்னு நான் சொல்லலையே," என்றாள் ஷென். "என்னதான் நடக்குது?"

"வால்யூம் தானா இறங்கிடுது." கீபோர்டின் இடது மேல்மூலையைக் காட்டினான். திருகும் குமிழ் அல்ல. ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் தள்ளுகிற குமிழ். "மேல தள்ளி வெச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன். அழுகைப் பாட்டு முடிஞ்சு பாத்தா கீழ இருக்கும்."

"தானா இறங்கி வர அதென்ன மாடிப்படியா?" என்று பின்னாலிருந்து முதலாளியம்மாவின் குரல் கேட்டது. கூடவே வந்திருந்தாள்.

ஷென் குமிழை ஒரு விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். நல்ல இறுக்கம். தானாக இறங்குகிற ரகம் இல்லை. தொடர்ந்து தள்ள வசதியில்லாமல் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டலம் இடித்துக்கொண்டிருந்தது. காற்றடைத்து உப்பிய, தேங்காய்ப்பால் ருசியுள்ள சோளப்பொரிப் பொட்டலம். சமத்துப் பொட்டலம் என்று ஊரே கூப்பிடுகிற அது, ஆஸ்பத்திரி மானிட்டரிலிருந்து பேங்க் பணமெஷின் வரை எதன் தலையில் உட்கார்ந்தாலும் அந்த மெஷின் வம்பு பண்ணாமல் வேலை செய்யும் என்று நம்பிக்கை. பச்சையாக மட்டும் இருக்க வேண்டும். மஞ்சளோ சிவப்போ வைத்தால் மெஷின் விளக்கும் கோளாறு காட்டுகிற அந்த நிறத்துக்குப் போய்விடும். காலாவதி ஆகியிருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் அதை நகர்த்தவோ தின்னவோ கூடாது. ஷென் மரியாதையாகக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இறங்கறதை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாக்க முடியாதுங்க. அழுகைப் பாட்டுல என் கண்ணு யூஷுவே அக்கா கையை விட்டு நகராது."

இதை ஷென்னுக்கு விளக்க வேண்டிய அவசியம் இல்லை. கோயில் முற்றத்து நாடகத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. மத்தியானம் ஒருவர் வந்து கதையை நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவார். மீதி எல்லாம் மேடையில் நின்று அந்தந்த நேரத்தில் வருவது. எந்த மெட்டு வேண்டும் என்று நடிகர் கைவிரலால் சைகை காட்டுவார், வாத்தியக்காரர்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். சைகையைத் தவற விட்டால் பாடுகிறவள் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

"அப்ப ஒண்ணு செய்ங்க," என்றாள் ஷென். "இப்ப அந்த அழுகைப் பாட்டை வாசிச்சுக் காட்டுங்க."

முரசுக்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். நாயனக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அபசகுனம் போக முதலாளியம்மா மூன்று தரம் தரையைத் தட்டினாள்.

"என்ன பேச்சு பேசறீங்க? ஆட்டம் இல்லாத நேரத்துல அழுகைப் பாட்டா? அழுகையை வீட்டுக்கு வா வான்னு கூப்பிடற மாதிரி இல்ல? எங்க குழுவுல அந்தப் பழக்கமே கிடையாது."

"ரிப்பேர்காரர் வந்தப்ப?"

"கல்யாணப் பாட்டு வாசிச்சுக் காட்டினேன்," என்றான் ஃபாங். "வால்யூம் அசையல."

"ஆக, குற்றம் நடக்கற ஒரு பாட்டை மட்டும் விட்டுட்டு மத்த எல்லாத்தையும் சோதிச்சிருக்கீங்க," என்றான் ஆகெங். "நீங்க எல்லாம் போலீஸ்ல சேந்திருக்கலாம்."

மத்தியானம் கஞ்சி வாங்கப் போன ஆகெங், கஞ்சியை மறந்துவிட்டு ஓடி வந்தான். ஷென் முற்றத்து ஆலமரத்தடியில் எதிர் மேடையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"ஷென் அக்கா, முதலாளியம்மா சொன்னது சரிதான். கேஸ் முடிஞ்சுது, வாங்க போய்ச் சாப்பிடலாம்."

"என்ன பாத்த?"

"லாரிக்குப் பின்னாடி நம்ம ஃபாங். கூட எதிர் மேடை முதலாளி வூ. வூ அவன் தோள்ல கை போட்டுப் பேசறான், வெத்தலைப் பாக்குப் பெட்டியை நீட்டறான். பொண்ணு பாக்க வந்தவன் கூட அவ்வளவு குழைய மாட்டான்."

"ஃபாங் பாக்கு எடுத்துக்கிட்டாரா?"

"இல்ல."

"முகம் எப்படி இருந்தது?"

ஆகெங் யோசித்தான். "பல்லு வலிக்கறவன் மாதிரி."

"விலை போனவனுக்குப் பல்லு வலிக்காது, ஆகெங். வாயெல்லாம் பல்லாத்தான் இருக்கும்." அவள் குடுவையிலிருந்து ஒரு மடக்குக் குடித்தாள். "ஆனா உன் சந்தேகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். பகல் ஆட்டத்துக்கு நீ அவன் முதுகுக்குப் பின்னாடி உக்காரு. அவன் கையை மட்டும் பாரு. யூஷுவே அழட்டும், ஜனம் அழட்டும், நீ அழாத."

"கஞ்சி?"

"ஆட்டம் முடிஞ்சு."

இப்படித்தான் ஆகெங் காலி வயிற்றோடு கீபோர்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். ஆட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருந்தது. ஃபாங் கை கழுவப் போயிருந்தான். சும்மா இருந்த ஆகெங்கின் மூளையில் ஒரு யோசனை உதித்தது. சமத்துப் பொட்டலம் காலாவதி ஆகியிருந்தால்? மெஷின் முரண்டு பிடிக்க அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஷென் அக்கா மலைத்துப் போவாள். அவன் பொட்டலத்தை எடுத்துத் திருப்பி, மடிப்பில் அச்சடித்த தேதியைப் பார்க்க ஓரத்தை இழுத்தான்.

பொட்டலம் 'படார்' என்றது.

ஆகெங் சுற்றும் முற்றும் பார்த்தான். எதிர் மேடையில் வெள்ளோட்டம் பார்த்த முரசு அவனைக் காப்பாற்றியிருந்தது. யாரும் திரும்பவில்லை. கையில் வாய் பிளந்த பொட்டலம். தேதிக்கு இன்னும் ஆறு மாசம் இருந்தது. வெளியே தூக்கிப் போட்டால் யாராவது பார்ப்பார்கள். அப்படியே திருப்பி வைத்தால் சுருங்கிப் போய்க் காட்டிக் கொடுக்கும். கஞ்சி குடிக்காத வயிறு அதற்குள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஊதுவத்திச் சாம்பல் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அதையும் ஊதாமல் தின்று முடித்தான். வெறும் உறையை மடித்துச் சட்டைக்குள் சொருகிக்கொண்டான். தின்ற பிறகுதான் பயம் வந்தது. ஒரு மெஷினின் காவலை முழுங்கிவிட்டு, அதே மெஷினைக் காவல் காக்க உட்கார்ந்திருக்கிறோமே என்று.

ஃபாங் வந்து உட்கார்ந்தான். பொட்டலம் இல்லாததை அவன் கவனிக்கவில்லை. குமிழை மேலே தள்ளினான், கண்ணை மேடையில் வைத்தான். அதற்குப் பிறகு அந்தக் கண் கீபோர்டுக்குத் திரும்பவே இல்லை.

யூஷுவே இளவரசன் வேஷத்தில் வந்தாள். அறுபதைத் தொடும் வயது, அரிதாரத்துக்குள் இருபது. நாடு இழந்து, தாயைத் தேடி வந்து, தாயின் சமாதியைக் கண்டு நிற்கிறாள். இடது கை மெல்ல உயர்ந்தது. இரண்டு விரல் மடங்கியது.

அழுகைப் பாட்டு.

ஆகெங் ஃபாங்கின் கைகளைப் பார்த்தான். வலது கை கட்டைகளில். இடது கை கீபோர்டின் ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்துக்குப் போனது. அதை உருட்ட உருட்ட, சுரம் வளைந்து நிஜ மனுஷக் குரல் போல விம்மியது. முன்கை முழுவதும் அந்த விம்மலோடு முன்னும் பின்னும் போய்வந்தது. ஆகெங் மூச்சைப் பிடித்துக்கொண்டு சத்தம் விழக் காத்திருந்தான்.

விழவில்லை. ஸ்பீக்கரிலிருந்து கீபோர்டு முற்றம் பூராவும் அழுதது. எதிர் மேடையில் வாள் சண்டை நடந்துகொண்டிருந்தது, பார்க்க ஆள் இல்லை. சட்டை விற்கிற கிழவன் கூட இந்தப் பக்கம் திரும்பிவிட்டான். அழாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட ஆகெங், மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரை விழுந்ததும் முதலாளியம்மா புயலாக வந்தாள். முகத்தில் சந்தோஷம் துளியும் இல்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? பின்னாடி ஒரு ஆள் உக்காந்து கையைப் பாத்தா சத்தம் குறையல. அப்ப இத்தனை நாள் குறைச்சது யாரு? இதைவிட ஆதாரம் என்ன வேணும்? ஃபாங், மூட்டையைக் கட்டு!"

ஃபாங் எழுந்து நின்றான். பக்கத்தில் இருந்த முரசுக்காரர் தன் குச்சிகளை அடுக்குவதில் ரொம்ப மும்முரமாக இருந்தார். இவ்வளவு வருஷம் கூட உட்கார்ந்து வாசித்தவர். சந்தேகம் மேடை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. ஆகெங்குக்கும் அப்படித்தான் பட்டது. வேறு என்னதான் அர்த்தம்?

"ஒரு நிமிஷம்," என்றாள் ஷென். ஆகெங்கின் காலரைப் பிடித்துத் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"இன்னிக்கு என்ன வித்தியாசம்?"

"ஒண்ணுமில்லையே அக்கா. நான் உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

"நீ உக்காந்திருந்தேன்னு அந்தக் குமிழுக்குத் தெரியுமா? அது என்ன, உன்னைப் பாத்து வெக்கப்பட்டுதா?"

"என் அழகு அப்படி."

"ஆகெங். உன் வாயில தேங்காய்ப்பால் வாசனை வருது."

அவன் சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்து நீட்டினான். "தேதி பாக்கத்தான் எடுத்தேன். அதுவா வெடிச்சிடுச்சு. அக்கா, சத்தியமா, பசி. முதலாளியம்மாவுக்குத் தெரிஞ்சா அந்த அரக்கன் தலைக்குப் பதிலா என் தலையை வெச்சு ஆடுவாங்க. அந்தச் சாம்பலும் தொண்டையிலயே நிக்குது."

"என்ன சாம்பல்?"

"ஊதுவத்திச் சாம்பல். பொட்டலத்து மேல ஒட்டியிருந்தது."

ஷென் உறையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு ஆகெங் எதிர்பார்க்காத காரியம் ஒன்று செய்தாள். சிரித்தாள். சிரித்துவிட்டு, உடனே நிறுத்தினாள், ஏதோ சங்கடமான விஷயம் ஞாபகத்துக்கு வந்தவள் போல.

"காவல்காரன் செத்ததுக்கப்புறம் திருட்டே நடக்கல. ஏன்னு யோசி," என்றாள். "ஓடிப் போய் இதே அளவு பச்சைப் பொட்டலம் ஒண்ணு வாங்கிட்டு வா. இதைத் தின்னாத."

அவன் வாங்கி வந்தபோது குழு மொத்தமும் கீபோர்டைச் சுற்றி நின்றது. ஷென் பொட்டலத்தை ஃபாங்கிடம் கொடுத்தாள். "இருந்த இடத்துல, இருந்த மாதிரியே வைங்க."

அவன் குமிழுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதைப் பொருத்தி வைத்தான். பொட்டலத்தின் மேல் ஓரம் குமிழின் தலையைத் தாண்டி நின்றது.

"இப்ப அழுகைப் பாட்டு."

"முடியாது!" என்றாள் முதலாளியம்மா. "என் மேடையில ஆட்டம் இல்லாம..."

"ஆட்டம் இருக்கு, முதலாளியம்மா." யூஷுவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அரிதாரம் கலைக்காத இளவரசன் முகம், தோளில் ஒரு ஈரத் துண்டு. "நான் இன்னும் வேஷம் கலைக்கல. வேஷத்துல இருக்கற வரைக்கும் ஆட்டம்தான். அழுகை வந்தா என் வீட்டுக்கு வரட்டும். ஒருத்தன் பொழைப்பு போகப் போகுது, நான் ஒரு பாட்டுக்குப் பயந்துட்டு நிக்கணுமா?"

இடது கை உயர்ந்தது. இரண்டு விரல் மடங்கியது. ஃபாங் உட்கார்ந்தான், கண் அவள் கையில்.

எல்லாரும் ஃபாங்கின் கையைப் பார்த்தார்கள். ஷென் மட்டும் அவன் முழங்கைக்குக் கீழே பார்த்தாள். இடது கை சக்கரத்தைப் பிடித்து விம்மியது. முன்கை முன்னால் போனபோதெல்லாம் பொட்டலத்தின் அடி அமுங்கியது. உள்ளே இருந்த காற்று மேல்பக்கம் திரண்டு, உப்பிய ஓரம் மடங்கிக் குமிழின் மேல் கவிழ்ந்தது. கை திரும்பி வரும்போது பொட்டலமும் கூடவே வந்தது. குமிழையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஒரு விம்மலுக்குக் கொஞ்சம். இன்னொரு விம்மலுக்கு இன்னும் கொஞ்சம். யூஷுவேயின் குரல் உச்சிக்குப் போனபோது கீபோர்டு கிணற்றுக்குள் போயிருந்தது.

பாட்டு நின்றது.

"கல்யாணப் பாட்டுக்கு இந்தச் சக்கரம் தேவையில்ல," என்றாள் ஷென். "அதனாலதான் ரிப்பேர்காரர் கண்ணுல படல. ஆட்டத்துல படலாம்னா, ஆட்டத்துல எல்லார் கண்ணும் அக்காவோட கையில. இந்தப் பொட்டலத்தை யாரும் சந்தேகப்படவும் மாட்டீங்க, நகர்த்தவும் மாட்டீங்க. ஃபாங், இது எப்பவும் இங்கதான் இருக்குமா?"

"இல்லைங்க. வருஷக்கணக்கா வலது பக்கம்தான். இந்த ஊருக்கு வந்த மறுநாள் காலையில பாத்தா இடது பக்கம் புதுசா இருந்தது. யாரோ ஒரு காரணமாத்தான் வெச்சிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"பிடிச்சாச்சு!" என்று கூவினான் ஆகெங். "எதிர் மேடைக்காரன்! ராத்திரியோட ராத்திரியா வந்து இடம் மாத்தி வெச்சிருக்கான்!"

"அப்படித்தான்! அந்த வூ!" முதலாளியம்மாவின் விசிறி எதிர் மேடையை நோக்கிக் குத்தியது. "எனக்கு அப்பவே தெரியும்!"

"அவசரப்படாதீங்க," என்றாள் ஷென். "அந்தப் பொட்டலத்து மேல ஊதுவத்திச் சாம்பல் இருந்தது. சாமி முன்னாடி ஊதுவத்தி சொருகற கும்பத்து மேல மூணு சுத்து சுத்தி, புகை காட்டி எடுத்துட்டு வந்திருக்காங்க. ஒருத்தர் பொழைப்பைக் கெடுக்கணும்னு வர்றவன், அதே கோயில்ல போய், அதே சாமி கிட்ட ஆசீர்வாதம் வாங்கிட்டா வருவான்? நல்லது நடக்கணும்னு வேண்டிக்கிட்டவங்கதான் இதை வெச்சிருக்கணும்."

விசிறி பாதி வழியில் நின்றது.

ஆகெங் முதலாளியம்மாவைப் பார்த்தான். முரசுக்காரர் பார்த்தார். யூஷுவே பார்த்தாள். கடைசியாக ஃபாங்கும் பார்த்தான். அவள் விசிறியைக் கீழே இறக்கி, அதன் மடிப்புகளை ஒவ்வொன்றாகச் சரி செய்தாள்.

"ஜெயிக்கணும்னுதான்," என்றாள். குரல் தேய்ந்திருந்தது. "வந்த அன்னிக்குப் பழைய பொட்டலத்தை எடுத்துட்டுப் புதுசு வாங்கினேன். சாமி முன்னாடி குறி கேக்கற பிறைக் கட்டை ரெண்டையும் போட்டுக் கேட்டேன், வலது பக்கம் வெக்கட்டுமான்னு. ரெண்டும் குப்புற விழுந்துது. வேண்டாம்னுட்டார். இடது பக்கமான்னு கேட்டேன். ஒண்ணு நிமிந்து ஒண்ணு குப்புற. சரின்னுட்டார். சாமி சொன்னதைத்தானே செஞ்சேன்?"

ஆகெங்கின் நாக்கு நுனியில் நாலு ஜோக் வந்து நின்றது. ஃபாங்கின் முகத்தைப் பார்த்தான். நாலையும் முழுங்கினான்.

சாயங்கால ஆட்டத்துக்கு வரச் சொன்ன மாற்று ஆளுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னாள் முதலாளியம்மா. சமையல்காரியை அழைக்காமல் தானே அடுப்பு மூட்டினாள். கொஞ்ச நேரத்தில் பன்றிக்கால் போட்ட மெல்லிய நூல் சேமியா ஆவி பறக்கத் தயாரானது. ஜெயிலிலிருந்து வருகிறவனுக்கும், வீண்பழி நீங்கியவனுக்கும், பிடித்த பீடை விலகப் போடுகிற சாப்பாடு. அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, குழு மொத்தமும் பார்க்க மேடையைக் கடந்து ஃபாங்கிடம் போனாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயில் வராது என்று எல்லாருக்கும் தெரியும். இந்த நடைதான் அந்த வார்த்தை.

ஃபாங் எழுந்து வாங்கிக்கொண்டான். உட்கார்ந்து, நிதானமாக, சேமியாவைக் கடிக்காமல் நீளமாக உறிஞ்சி, சாறு வரை குடித்தான். முதலாளியம்மா பக்கத்திலேயே நின்றாள். அவள் முகம் மெல்ல இளகியது. ஆகெங்குக்குக் கூடக் கண் கரித்தது. பசி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

ஃபாங் கிண்ணத்தை வைத்துவிட்டு வாயைத் துடைத்தான்.

"ருசியா இருந்தது, முதலாளியம்மா. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல. சாமி பிறந்தநாள் முடியற வரைக்கும் வாசிக்கறேன். யூஷுவே அக்காவை நடுவுல விட மாட்டேன். அப்புறம் நான் வூ கிட்ட போறேன்."

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "எதிர் மேடைக்கா?"

"ஆமா."

இளகிய முகம் ஒரு நொடியில் பழையபடி இறுகியது. விசிறி தானாக உயர்ந்தது. "அப்ப நான் நெனச்சது சரிதான்! எத்தனை நாளா பேசிட்டிருக்கீங்க ரெண்டு பேரும்? சொல்லு! எப்பலேர்ந்து?"

ஷென் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து," என்றான் ஃபாங். குரலில் கோபம் இல்லை. "லாரி பின்னாடி வந்து கேட்டார். இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேட்டு வந்ததில்ல, நான் உங்க ஆளுன்னு எல்லாருக்கும் தெரியும். காலையில என்னை மேடையில நிக்க வெச்சு 'எவ்வளவுக்குடா போன?'ன்னு நீங்க போட்ட சத்தம் அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்கு. அதைக் கேட்டுட்டுத்தான் வந்தார். மத்தியானம் நான் பதிலே சொல்லல, முதலாளியம்மா. இப்பத்தான் சொல்றேன்."

சாயங்கால ஆட்டத்துக்கு முரசு ஆரம்பித்தது. ஃபாங் எழுந்து போய்க் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தான்.